எல்லா இயங்குதளத்திலும் ஓடும் முழுத்திரை தரவுத்தளப் படிவங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெர்மினலுக்குள் (எழுத்துகளை மட்டும் காட்டும், விசைப்பலகையால் இயக்கும் சாளரம்) முழுத்திரையாக ஓடும் தரவுத்தள நிரல்களை எழுதுகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றை ஓரிடத்தில் சேர்த்தால் திரும்பத் திரும்பப் பதில் எழுதும் வேலை மிச்சம் என்று இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாசகத்திலேயே விட்டிருக்கிறேன். எளிய கேள்விகள் முன்னால், சிக்கலானவை பின்னால்.

முழுத்திரைன்னா என்ன? கமாண்ட் லைன்தானே அதுவும்?

இல்லை. கமாண்ட் லைனில் ஒரு வரி அடிக்கிறீர்கள், பதில் கீழே வருகிறது, பழையது மேலே நகர்ந்து போகிறது. முழுத்திரை நிரல் மொத்தத் திரையையும் தன் கைக்குள் எடுத்துக்கொள்கிறது. பெயர், தேதி, தொகை என்று புலங்கள் அவற்றுக்குரிய இடத்தில் நிற்கும். கர்சர் புலத்துக்குப் புலம் தாவும். கீழே ஒரு வரி, என்ன விசை என்ன செய்யும் என்று சொல்லும். டிபேஸ், ஃபாக்ஸ்புரோ, கிளிப்பர் காலத்து நிரல்களைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய முகம்தான்.

பிரவுசர் இருக்கும்போது இது யாருக்கு வேண்டும்?

நாள் முழுக்கத் தரவு உள்ளிடுகிறவர்களுக்கு. கை விசைப்பலகையை விட்டு நகராமல், திரையைக்கூடப் பார்க்காமல் அடித்துக்கொண்டே போகலாம். அடுத்த படிவம் திரையில் வருவதற்கு முன்பே அதற்கான எழுத்துகளை அடித்துவிட்டாலும் அவை காத்திருந்து சரியான புலத்தில் விழும். இந்த ஒரு வசதியைப் பெரும்பாலான வலைப் படிவங்கள் இன்னும் தருவதில்லை. தொலைவில் உள்ள சர்வரில் எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக நுழைந்து வேலை பார்க்கிறவர்களுக்கும் இதுவே சுலபம்.

1971-ல் ஐபிஎம் கொண்டுவந்த 3270 டெர்மினல், படிவம் முழுவதையும் பயனரின் மேசையிலேயே நிரப்ப விட்டு, மாறிய புலங்களை மட்டும் மொத்தமாக மெயின்ஃபிரேமுக்கு அனுப்பியது. யோசித்துப் பார்த்தால் வலைப் படிவமும் ஏறக்குறைய அதைத்தான் செய்கிறது. ஆக, பழசு என்பதற்காக ஒதுக்கவும் வேண்டாம், பழசு என்பதற்காகக் கொண்டாடவும் வேண்டாம். எப்போதாவது ஒருமுறை ஒரு படிவம் நிரப்புகிற ஆளுக்கு வலைப்பக்கமே சரி.

லினக்ஸ், விண்டோஸ், மேக் மூணுலயும் ஒரே கோடு ஓடுமா?

ஓடும். ஆனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட வேண்டும். உங்கள் நிரல் பேசுவது இயங்குதளத்தோடு அல்ல, டெர்மினலோடு. ஒரே லினக்ஸில் இரண்டு டெர்மினல்கள் வேறுவேறாக நடந்துகொள்ளும். விண்டோஸில் உட்கார்ந்து லினக்ஸ் சர்வருக்குள் நுழைந்தவருக்கு நிரல் ஓடுவது லினக்ஸில், விசை அழுத்தப்படுவது விண்டோஸ் டெர்மினலில். இயங்குதளம் எது என்று பார்த்து முடிவெடுக்கும் நிரல் இங்கேயே தோற்றுவிடும்.

டெக் நிறுவனத்தின் விடி100 வெளிவந்தது 1978-ல். கர்சரை நகர்த்த, திரையைத் துடைக்க அது ஏற்றுக்கொண்ட, எஸ்கேப் எழுத்தில் தொடங்கும் கட்டளைகளான எஸ்கேப் தொடர்கள்தான் இன்றைய டெர்மினல்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு டெர்மினலுக்கும் ஒரு பாஷை இருந்ததால், எது எதற்கு எந்தத் தொடர் என்று குறித்துவைக்க டெர்ம்கேப்பும் பிறகு டெர்மின்ஃபோவும் வந்தன. அவற்றின் மேல் எழுந்தது கர்சஸ் என்ற திரை லைப்ரரி, இன்று நாம் பயன்படுத்துவது என்கர்சஸ். விண்டோஸ் நெடுங்காலம் இந்த வழிக்கு வராமல் தனக்கென்று ஒரு கன்சோல் ஏபிஐ வைத்திருந்தது. விண்டோஸ் 10-ல்தான் அதன் கன்சோல் இந்தத் தொடர்களைப் புரிந்துகொள்ள ஆரம்பித்தது, அதையும் நிரல் வெளிப்படையாகக் கேட்டு இயக்கிக்கொள்ள வேண்டும். அப்புறம் விண்டோஸ் டெர்மினல் வந்தது. இப்போது இடைவெளி வெகுவாகக் குறைந்துவிட்டது.

சரி, எந்த லைப்ரரியை எடுக்கட்டும்?

உங்களுக்குக் கைவந்த மொழியில் உள்ளதை எடுங்கள். பைத்தானில் டெக்ஸ்சுவல், கோ மொழியில் பபிள் டீ, ரஸ்டில் ராட்டாட்டுயி, டாட்நெட்டில் டெர்மினல்.குயி, ஜாவாவில் லான்டர்னா. இவை எல்லாம் மூன்று இயங்குதளங்களிலும் ஓடும். சி-யில் எழுதுகிறீர்கள் என்றால் என்கர்சஸ், விண்டோஸுக்குப் பிடிகர்சஸ். பைத்தானோடு வரும் கர்சஸ் தொகுதி விண்டோஸில் கிடையாது என்பதைப் பலர் கடைசி நேரத்தில்தான் கண்டுபிடிக்கிறார்கள். அதற்குத் தனிப் பொதி நிறுவ வேண்டும்.

லைப்ரரியைவிட முக்கியம், அதை உங்கள் நிரலின் எந்தப் பகுதி தொடுகிறது என்பது. புலங்கள், சரிபார்ப்பு, சேமிப்பு ஆகியவை திரை என்று ஒன்று இருப்பதே தெரியாமல் எழுதப்பட வேண்டும். "அடுத்த புலம்", "சேமி", "ரத்து" போன்ற செயல்களுக்குப் பெயர் இருக்கட்டும், எந்த விசை எந்தச் செயல் என்பது வெளியே ஓர் அட்டவணையில் இருக்கட்டும். கீழே வரும் பாதிப் பதில்கள் இந்தப் பிரிவினை இருந்தால்தான் செல்லுபடியாகும்.

80க்கு 24-னு வச்சுக்கிட்டா போதாதா? எதுக்கு அளவு மாறணும்?

குறைந்தபட்ச அளவாக 80 நெடுவரிசை, 24 வரி வைத்துக்கொள்வது நல்ல முடிவுதான். விடி100 காலத்திலிருந்து எல்லா டெர்மினலும் அதைத் தரும். ஆனால் பயனர் சாளரத்தை இழுப்பார். யூனிக்ஸ் வகைகளில் அளவு மாறியதும் சிக்வின்ச் என்ற சிக்னல் வரும். விண்டோஸில் அந்தச் சிக்னல் இல்லை, கன்சோல் உள்ளீட்டோடு ஒரு நிகழ்வாக வரும். நல்ல லைப்ரரி இரண்டையும் ஒன்றாக்கித் தந்துவிடும்.

அளவு கூடினால் பட்டியலும் குறிப்புப் புலமும் மட்டும் நீளட்டும். தேதிப் புலத்தை அகலமாக்கி ஒரு பயனும் இல்லை. அளவு குறைந்துபோனால் "சாளரத்தைப் பெரிதாக்குங்கள்" என்று ஒரு வரி காட்டிவிட்டுக் காத்திருங்கள். அடித்து வைத்த எதுவும் தொலையக் கூடாது. திரையின் கடைசி வரியின் கடைசிக் கட்டத்தில் மட்டும் எதையும் எழுதாதீர்கள், சில டெர்மினல்கள் அங்கே எழுதினதும் மொத்தத் திரையையும் ஒரு வரி மேலே தள்ளிவிடும்.

அழகா கட்டம் போட்டேன், ஆனா சர்வர்ல எல், கியூ, கே, எக்ஸ்னு எழுத்தா வருது. ஏன்?

கோடு வரைவதற்கு விடி100-ல் ஒரு மாற்று எழுத்துத் தொகுதி இருந்தது. அதில் சிறிய எல் என்பது இடது மேல்மூலை, கியூ கிடைக்கோடு, கே வலது மேல்மூலை, எக்ஸ் நிலைக்கோடு. நிரல் "தொகுதியை மாற்று" என்று சொல்லிவிட்டு இந்த எழுத்துகளை அனுப்புகிறது. யூனிகோடை அனுப்பும் யூடிஎஃப்-8 முறையில் இருக்கும் சில டெர்மினல்கள் அந்த மாற்று உத்தரவைக் கண்டுகொள்வதில்லை, எழுத்தை எழுத்தாகவே காட்டிவிடுகின்றன.

யூனிகோடில் உள்ள கோட்டு எழுத்துகளை நேரடியாக அனுப்புங்கள். லோகேல் (பயனரின் மொழி, எழுத்துமுறை அமைப்பு) யூடிஎஃப்-8 இல்லை என்றால் கூட்டல் குறி, கழித்தல் குறிகளால் கட்டம் போடுங்கள். என் கருத்தைக் கேட்டால் கட்டத்தையே குறையுங்கள் என்பேன். ஒரு வெற்று வரியும் சீரான இடைவெளியும் இரட்டைக்கோட்டுப் பெட்டியைவிட நன்றாகவே பிரித்துக் காட்டும்.

நிறங்கள் எத்தனை பயன்படுத்தலாம்?

16 அடிப்படை நிறங்களுக்குள் நில்லுங்கள். அவற்றின் சாயலைப் பயனர் தன் டெர்மினலில் தனக்கேற்ப அமைத்திருப்பார். வெள்ளைப் பின்னணி வைத்திருப்பவரிடம் நீங்கள் மஞ்சளில் எழுதிய எச்சரிக்கை கண்ணுக்கே தெரியாது. நிறம் மட்டுமே செய்தி சொல்லக் கூடாது. தவறான புலம் சிவப்பாக இருக்கட்டும், பக்கத்தில் ஒரு குறியும் இருக்கட்டும், காரணம் கீழ்வரியில் வரட்டும்.

எஃப்1 உதவி, எஃப்10 சேமி, எஃப்11 தேடு. நல்லாத்தானே இருக்கு?

உங்கள் கணினியில் நன்றாக இருக்கும். க்னோம் டெர்மினலில் எஃப்10 அடித்தால் வழக்கமாக டெர்மினலின் மெனு திறக்கும். எஃப்11 பல டெர்மினல்களில் சாளரத்தை முழுத்திரையாக்கும். மேக்கில் அதே விசை எல்லாச் சாளரங்களையும் ஒதுக்கி டெஸ்க்டாப்பைக் காட்டும், அதுவும் எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்தினால்தான். வெறுமனே அழுத்தினால் ஒலியளவுதான் மாறும். இவை எதுவும் உங்கள் நிரலை எட்டுவதே இல்லை.

எட்டினாலும் ஒரே மாதிரி எட்டாது. எஃப்1-க்கு எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினல் அனுப்பும் தொடர் ஒன்று, லினக்ஸ் கன்சோல் அனுப்புவது வேறு, எஸ்எஸ்எச் நிரலான புட்டி இயல்பாக அனுப்புவது இன்னொன்று. பேக்ஸ்பேஸே ஒரு டெர்மினலில் 127 என்ற பைட்டாகவும் இன்னொன்றில் 8 ஆகவும் வரும். கன்ட்ரோல் சேர்க்கைகளிலும் பொறிகள் உண்டு. கன்ட்ரோல்-ஐ என்பதும் டேப் என்பதும் ஒரே பைட். கன்ட்ரோல்-எம்மும் என்டரும் ஒன்றே. ஷிஃப்ட்-என்டரைப் பெரும்பாலான டெர்மினல்கள் வெறும் என்டராகவே அனுப்பும். இவற்றைப் பிரித்தறிய கிட்டி டெர்மினல் கொண்டுவந்த புதிய விசை நெறிமுறையை வேறு சிலவும் ஏற்றிருக்கின்றன, ஆனால் எல்லாரிடமும் அது இருக்கும் என்று நம்பி எழுத முடியாது.

திரை வரைவதைவிட விசைப்பலகைதான் இந்த வேலையில் உண்மையான தலைவலி. அம்பு விசைகள், டேப், என்டர், எஸ்கேப், எழுத்துகள் ஆகியவற்றால் மட்டுமே எல்லாச் செயலையும் செய்ய முடிய வேண்டும். எஃப் விசைகள் குறுக்குவழியாக இருக்கட்டும், ஒரே வழியாக இருக்க வேண்டாம். எஸ்கேப் அடித்து மெனுவுக்குப் போய் ஓர் எழுத்தை அடித்தால் சேமிக்கலாம் என்று வைத்தால் எந்த டெர்மினலிலும் பிழைப்பீர்கள்.

எஸ்கேப் அடிச்சா ஒரு நொடி கழிச்சுத்தான் மூடுது. கம்ப்யூட்டர் ஸ்லோவா?

கம்ப்யூட்டர் வேகமாகத்தான் இருக்கிறது. மேல் அம்பை அழுத்தினால் வருவதும் எஸ்கேப்பில் தொடங்கும் மூன்று பைட்டுகள்தான். ஆகவே எஸ்கேப் வந்ததும், இது தனி விசையா, அம்பின் முதல் பைட்டா என்று லைப்ரரி கொஞ்ச நேரம் காத்துப் பார்க்கிறது. என்கர்சஸில் அந்தக் காத்திருப்பு இயல்பாக 1000 மில்லிநொடி. மோடம் காலத்துக்கு அது தேவைப்பட்டது.

இதைக் குறைக்கலாம். ஆனால் 5, 10 என்று கொண்டுபோனால் மெதுவான எஸ்எஸ்எச் இணைப்பில் அம்புத் தொடர் நடுவில் உடைந்து வரும்போது எஸ்கேப் தனியாகவும் மிச்சம் இரண்டு எழுத்துகளாகவும் நிரலுக்குப் போய்ச் சேரும். உங்கள் படிவத்தில் எஸ்கேப் என்றால் "மாற்றங்களைக் கைவிடு" என்று இருந்தால், பயனர் மேலே போக நினைத்ததற்குத் தண்டனை அவர் அடித்த அத்தனையும். 50 முதல் 100 மில்லிநொடி வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். அதோடு, மாறிய படிவத்தில் எஸ்கேப் அடித்தால் கேட்காமல் எதையும் கைவிடாதீர்கள்.

கன்ட்ரோல்-எஸ் சேமிக்கும்னு வச்சேன். அடிச்சதும் எல்லாம் உறைஞ்சு போச்சு!

யூனிக்ஸ் டெர்மினல்களில் கன்ட்ரோல்-எஸ் என்றால் "வெளியீட்டை நிறுத்து". கன்ட்ரோல்-கியூ அடித்தால் திரும்ப ஓடும். நிரல் டெர்மினலை முழு ரா முறைக்குக் கொண்டுபோனால் இந்த விசைகள் நேராக நிரலுக்கே வரும். அதற்கு ஒரு படி கீழான சிபிரேக் முறையில் வராது. ரா முறைக்குப் போனால் கன்ட்ரோல்-சி, கன்ட்ரோல்-இசட் இரண்டையும் நீங்களே கவனிக்க வேண்டும் என்பது அதன் விலை.

எக்செல்லில் இருந்து காப்பி பண்ணி ஒட்டினா படிவம் தானாவே சேவ் ஆயிடுது

ஒட்டிய உரையில் இருந்த வரி முறிவு என்டராகப் போய்ச் சேர்கிறது, டேப் அடுத்த புலத்துக்குத் தாவுகிறது. டெர்மினலுக்கு ஒட்டுவதும் அடிப்பதும் ஒன்றுதான், நீங்கள் வேறுபடுத்தச் சொல்லாதவரை. சொல்ல ஒரு வழி இருக்கிறது. அடைப்பிட்ட ஒட்டு முறையை இயக்கினால், ஒட்டிய உரைக்கு முன்னும் பின்னும் டெர்மினல் ஒரு குறியீட்டை வைத்து அனுப்பும். இன்றைய டெர்மினல்களில் பெரும்பாலானவை இதைச் செய்யும்.

இடையில் வரும் வரி முறிவுகளை இடைவெளியாக்கிக் கொள்ளுங்கள். ஒட்டியதில் டேப் இருந்தால் வரிசையாகப் புலங்களில் நிரப்பட்டுமா என்று கேட்பது நல்ல உபகாரம்.

தமிழ்ப் பெயர் இருக்கிற வரிசையில மட்டும் வலது பக்கக் கோடு கோணலா நிக்குது. என்ன செய்ய?

டெர்மினல் என்பது சமமான கட்டங்களால் ஆனது. ஒவ்வோர் எழுத்தும் எத்தனை கட்டம் பிடிக்கும் என்று நிரலும் டெர்மினலும் தனித்தனியே கணக்குப் போடுகின்றன. இருவர் கணக்கும் ஒத்துப்போனால் கோடு நேராக நிற்கும். தமிழில் ஒத்துப்போவது அபூர்வம்.

"தமிழ்ச்செல்வன்" என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு 8 எழுத்து. யூனிகோடில் 14 குறியீடுகள். யூடிஎஃப்-8-ல் 42 பைட்டுகள். கட்டக் கணக்கு என்ன? புள்ளிக்கு இடம் கிடையாது என்பதில் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள். ஆனால் "மி"யில் உள்ள கொக்கிக்கும் "செ"யில் உள்ள கொம்புக்கும் சில கணக்குகள் தனிக்கட்டம் தருகின்றன, சில தருவதில்லை. ஆக, ஒருவர் 10 என்பார், ஒருவர் 8 என்பார். இன்னும் வேடிக்கை, யூனிகோடில் இகரக் குறி இடம்பிடிக்கும் வகையாகவும் ஈகாரக் குறி இடம்பிடிக்காத வகையாகவும் குறிக்கப்பட்டிருக்கின்றன. அதனால் "கி" இரண்டு கட்டமும் "கீ" ஒரு கட்டமும் பிடிப்பதைப் பார்க்கலாம். இதற்கு மேல் எழுத்துருவும் தன் பங்குக்கு ஒன்றைச் செய்யும்.

முழுதாகத் தீர்க்க வழி இல்லை, சேதத்தைக் கட்டுப்படுத்த வழி உண்டு. தமிழ் வரும் புலத்தைப் பட்டியலின் கடைசி நெடுவரிசையாக வையுங்கள், அதற்கு வலப்பக்கம் கோடு போடாதீர்கள். நடுவில்தான் வர வேண்டும் என்றால், அதற்கு அடுத்த நெடுவரிசையை எழுதும் முன் கர்சரை இன்ன இடத்துக்குப் போ என்று எண் சொல்லி நகர்த்துங்கள், இடைவெளிகளால் நிரப்பாதீர்கள். அப்போது ஒரு பெயரின் கணக்குப் பிசகு அந்தப் பெயரோடு நின்றுவிடும். பேக்ஸ்பேஸ் அடித்தால் எதை அழிப்பது என்பதையும் யோசித்து முடிவெடுங்கள். குறியை மட்டும் அழித்தால் தட்டச்சுப் பிழை திருத்த வசதி. அம்பு விசை மட்டும் முழு எழுத்தாகவே தாண்ட வேண்டும், "கொ"வின் நடுவில் கர்சர் நிற்கக் கூடாது.

புலத்தின் அகலமும் தரவுத்தளத்தில கொடுத்த நீளமும் ஒண்ணுதானே?

முந்தைய பதிலின் மூன்று எண்களை இங்கே பொருத்திப் பாருங்கள். ஆரக்கிளில் 20 என்று நீளம் கொடுத்தால் இயல்பாக அது 20 பைட், அதாவது தமிழில் 6 குறியீடு. தமிழ்ச்செல்வன் பாதியில் நிற்பார். போஸ்ட்கிரெஸ்ஸும் மைஎஸ்கியூஎல்லும் குறியீடுகளை எண்ணுகின்றன, அங்கே 14 பிடிக்கும். சர்வர் இல்லாமல் ஒரே கோப்பில் இயங்கும் எஸ்கியூலைட் அந்த நீளத்தைக் கண்டுகொள்வதே இல்லை. ஆகவே திரைப் புலம் பக்கவாட்டில் நகர்ந்து நீண்ட உரையை ஏற்கட்டும். நீளச் சரிபார்ப்பைத் தரவுத்தளம் எண்ணுகிற அலகிலேயே செய்யுங்கள்.

அப்புறம், "கொ" என்பதை ஒருவர் ஒற்றை ஒகரக் குறியாகவும், இன்னொருவர் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் உள்ளிட முடியும். திரையில் வித்தியாசம் தெரியாது, தேடினால் கிடைக்காது. சேமிக்கும் முன் என்எஃப்சி என்ற யூனிகோடின் சீர் வடிவத்துக்கு இயல்பாக்கினால் இது தீரும். ஔகாரத்துக்குக் கொம்பும் "ள"வும் அடிப்பவர்களை மட்டும் அது காப்பாற்றாது, அது உண்மையாகவே வேறு எழுத்து.

பத்து லட்சம் ரெக்கார்டு இருக்கிற பட்டியலை எப்படிக் காட்டறது?

திரையில் தெரிவது 20 வரிசை. மேலும் கீழும் கொஞ்சம் சேர்த்து எடுத்தால் போதும். "முதல் 5 லட்சத்தைத் தாண்டி 20 கொடு" என்று ஆஃப்செட் வைத்துக் கேட்காதீர்கள், தரவுத்தளம் அந்த 5 லட்சத்தையும் எண்ணித் தள்ளிவிட்டுத்தான் வரும். கடைசியாகக் காட்டிய பெயரையும் பதிவு எண்ணையும் சொல்லி "இதற்கு அடுத்த 20" என்று கேளுங்கள். அந்த இரண்டையும் சேர்த்து ஒரு குறியீட்டு அட்டவணை (இன்டெக்ஸ்) இருந்தால் எவ்வளவு ஆழத்திலும் ஒரே வேகம். மேல்நோக்கிப் போக வரிசையைத் தலைகீழாக்கிக் கேட்டு, வந்ததைத் திருப்பிப் போடுங்கள்.

"வரிசை 5,00,123 / 10,00,000" என்று காட்டும் ஆசையை இதில் விட்டுவிட வேண்டியிருக்கும். அதை யாரும் தேடுவதில்லை. இரண்டு எழுத்து அடித்ததும் அந்த இடத்துக்குத் தாவும் வசதியைத்தான் தேடுவார்கள்.

ரெண்டு பேர் ஒரே ரெக்கார்டைத் திறந்து வச்சிருந்தா?

திறந்ததும் பூட்டிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும், செலக்ட் ஃபார் அப்டேட் என்ற எஸ்கியூஎல் கட்டளை அதற்குத்தானே இருக்கிறது என்று. செய்யாதீர்கள். படிவத்தைத் திறந்துவிட்டு ஒருவர் எழுந்து போய்விட்டால் பூட்டு அவர் திரும்பும்வரை அப்படியே இருக்கும். போஸ்ட்கிரெஸ்ஸில் நெடுநேரம் திறந்து கிடக்கும் பரிவர்த்தனை (டிரான்சாக்ஷன்), பழைய வரிசைகளைக் கூட்டித் துடைக்கும் வேக்யூம் வேலையையும் தடுக்கும். ஆள் யோசிக்கும் நேரத்தில் பரிவர்த்தனை எதுவும் திறந்திருக்கக் கூடாது என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

படிக்கும்போது ஒரு பதிப்பு எண்ணையும் சேர்த்துப் படியுங்கள். சேமிக்கும்போது "இந்த எண்ணுள்ள வரிசையில், பதிப்பு இன்னும் 7 ஆகவே இருந்தால், மாற்று, பதிப்பை 8 ஆக்கு" என்று சொல்லுங்கள். மாறிய வரிசைகளின் எண்ணிக்கை பூஜ்யம் என்று வந்தால் நடுவில் வேறு யாரோ மாற்றிவிட்டார்கள், அல்லது அழித்துவிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் முழுத்திரைக்கு அனுகூலம். புதிய மதிப்பை எடுத்து, மோதும் புலத்துக்குக் கீழேயே "இப்போது தரவுத்தளத்தில் இருப்பது இது" என்று காட்டுங்கள். நீங்கள் தொலைபேசி எண்ணை மாற்ற, அவர் முகவரியை மாற்றியிருந்தால் மோதலே இல்லை, இரண்டையும் சேர்த்துச் சேமிக்கலாம் என்று சிலர் செய்கிறார்கள். புலங்கள் ஒன்றையொன்று சாராதபோது மட்டும் அது சரி. அளவும் தொகையும் போல ஒன்றோடொன்று கட்டப்பட்ட புலங்களில் அப்படிச் சேர்த்தால் யாருமே உள்ளிடாத ஒரு பதிவு உருவாகிவிடும்.

எஸ்கியூலைட் ஃபைலை ஷேர்டு ஃபோல்டர்ல போட்டு எல்லாரும் திறக்கலாமா?

வேண்டாம். வால் முறை (மாற்றங்களை முதலில் தனிப் பதிவுக் கோப்பில் எழுதுவது) வலைவழிக் கோப்பமைப்பில் வேலை செய்யாது என்று எஸ்கியூலைட்டின் ஆவணமே சொல்கிறது. மற்ற முறைகளும் கோப்புப் பூட்டு ஒழுங்காக நடப்பதை நம்பியிருக்கின்றன, வலைவழிக் கோப்பமைப்புகளில் பல அதில் சொதப்பும். பலர் வேண்டும் என்றால் சர்வர் வகைத் தரவுத்தளத்துக்குப் போங்கள். அல்லது எல்லாரும் எஸ்எஸ்எச் வழியாக ஒரே கணினிக்கு வந்து நிரலை அங்கே ஓட்டட்டும், எஸ்கியூலைட் அப்போது அதன் சொந்த வட்டிலேயே இருக்கும். இரண்டாவது வழியில் கணினிக்குக் கணினி நிறுவும் வேலையும் இல்லை.

பெரிய வினவல் ஓடும்போது திரை செத்த மாதிரி நிக்குது

விசைகளைக் கவனிக்கும் அதே இழையில் (த்ரெட்) வினவலையும் ஓட்டுகிறீர்கள். அதைத் தனி இழைக்கு மாற்றுங்கள், ஆனால் திரையைத் தொடுவது ஒரே ஓர் இழையாகவே இருக்கட்டும். முடிவு வந்ததும் அதற்கு ஒரு செய்தியாக அனுப்புங்கள். எஸ்கேப் அடித்தால் வினவல் சர்வரிலும் நிற்க வேண்டும். போஸ்ட்கிரெஸ்ஸில் அதற்கென்று ரத்துக் கோரிக்கை தனி இணைப்பில் போகும், எஸ்கியூலைட்டில் இன்டரப்ட் என்ற செயற்கூறு இருக்கிறது. திரையில் மட்டும் "ரத்தானது" என்று காட்டிவிட்டு சர்வரை ஓடவிடுவது பொய் சொல்வதற்குச் சமம்.

புரோகிராம் கிராஷ் ஆனா டெர்மினலும் கெட்டுப்போகுது, அடிக்கிறது எதுவும் தெரியல

ரா முறைக்குப் போனவர் திரும்ப வராமலே செத்துவிட்டார். நிரல் எந்த வழியாக வெளியேறினாலும் டெர்மினலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வரிகள் ஓட வேண்டும். நிரல் ஓடும்போது மட்டும் தெரியும் மாற்றுத் திரையிலிருந்து வெளியே வருவது, கர்சரைத் தெரியவைப்பது, மவுஸ் கவனிப்பையும் மேலே சொன்ன ஒட்டு முறையையும் அணைப்பது எல்லாம் அதில் சேரும். பிழைச் செய்தியை அதற்குப் பிறகுதான் அச்சிட வேண்டும், முன்னால் அச்சிட்டால் அது மாற்றுத் திரையோடு மறைந்துபோகும். இப்போதைக்குக் கெட்டுப்போன டெர்மினலில் ரீசெட் என்று கண்ணை மூடிக்கொண்டு அடித்து என்டர் தட்டுங்கள்.

மவுஸ் வேலை செய்யணுமா?

செய்தால் நல்லது, ஆனால் மவுஸைப் பிடித்துக்கொண்டால் பயனரால் வழக்கம்போல உரையைத் தேர்ந்தெடுத்து நகலெடுக்க முடியாது. பல டெர்மினல்களில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு இழுக்கலாம் என்பது எல்லாருக்கும் தெரியாது. மவுஸை அணைக்க ஓர் அமைப்பு வையுங்கள்.

செட்டிங்ஸ் ஃபைலை எங்க வைக்கிறது?

லினக்ஸில் வீட்டுக் கோப்புறைக்குள் புள்ளி-கான்ஃபிக், மேக்கில் லைப்ரரிக்குள் அப்ளிகேஷன் சப்போர்ட், விண்டோஸில் ஆப்டேட்டா. எல்லா மொழியிலும் இதற்குச் சிறு லைப்ரரி உண்டு. தேதி, தசமப் புள்ளி ஆகியவற்றைத் திரையில் பயனரின் லோகேல்படி காட்டுங்கள். தரவுத்தளத்துக்குள் அவை எப்போதும் தேதி வகையாகவும் எண் வகையாகவுமே போகட்டும்.

பார்வையற்றவர்கள் இதைப் பயன்படுத்த முடியுமா?

டெர்மினல் என்றாலே வெறும் உரைதானே, திரைவாசிப்பானுக்குச் சுலபம் என்று நினைக்கிறோம். முழுத்திரையில் அது உண்மையில்லை. ஓர் ஓரத்தில் கடிகாரம் ஓடினால்கூட வாசிப்பான் ஒவ்வொரு நொடியும் அதைப் படிக்கத் தொடங்கலாம். சும்மா இருக்கும்போது திரையில் எதுவும் மாறாமல் பாருங்கள், உண்மையான கர்சரை நடப்புப் புலத்திலேயே நிறுத்துங்கள். சிறந்த வழி, அதே படிவத்தை "பெயர்?", "தேதி?" என்று வரிவரியாகக் கேட்கும் இரண்டாவது முறையாகவும் தருவது. லைப்ரரி பற்றிய பதிலில் சொன்ன பிரிவினை இருந்தால் இது சிறு வேலைதான்.

எல்லாத்துலயும் ஓடுதான்னு எப்படிச் சோதிக்கிறது? அத்தனை கம்ப்யூட்டருக்கு எங்க போக?

படிவத்தின் உள்வேலை திரையைத் தொடாததால் அதைச் சாதாரணச் சோதனைகளே பார்த்துக்கொள்ளும். திரைக்கு, நிரலை ஒரு போலி டெர்மினலுக்குள் ஓட்டி, விசைகளை அனுப்பி, வந்த திரையை எதிர்பார்த்த திரையோடு ஒப்பிடலாம். பைத்தானில் பைட் (pyte) என்ற லைப்ரரி இப்படி நினைவகத்துக்குள்ளேயே ஒரு டெர்மினலைத் தரும். மூன்று இயங்குதளத்திலும் தானியங்கியாகச் சோதனை ஓட்டித் தரும் சேவைகள் இருக்கின்றன.

மிச்சத்தைக் கையால்தான் செய்ய வேண்டும். விண்டோஸ் டெர்மினல், விண்டோஸின் பழைய கன்சோல், மேக்கின் டெர்மினல், ஒரு லினக்ஸ் டெர்மினல், நடுவில் டிமக்ஸ் (ஒரே டெர்மினலைப் பலவாகப் பிரிக்கும் நிரல்), தொலைவிலிருந்து புட்டி. ஒவ்வொன்றிலும் ஒரு பதிவைத் திறந்து, அம்புகளை வேகமாக அடித்து, சாளரத்தைச் சுருக்கி விரித்து, தமிழ்ப் பெயரை ஒட்டி, சேமித்து, நடுவில் ஒருமுறை நிரலைக் கொன்று பாருங்கள். டெர்மினலின் பெயரை நிரலுக்குச் சொல்லும் டெர்ம் என்ற சூழல் மாறிக்குச் சர்வர் அறியாத ஒரு பெயரைக் கொடுத்தும் ஓட்டிப் பாருங்கள். புதிய டெர்மினல்கள் தங்கள் சொந்தப் பெயரோடு வருகின்றன, பழைய சர்வரின் டெர்மின்ஃபோவில் அந்தப் பெயர் இருக்காது. அந்த நேரத்தில் நிரல் புரியாத பிழையோடு விழாமல், எக்ஸ்டெர்ம் என்று வைத்துக்கொண்டு தொடரட்டுமா என்று கேட்டால் போதும்.